உவர்க் கிணற்று நுளம்பு

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் விஞ்ஞானம். கொழும்பு வெள்ளவத்தையில் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த குணலட்சுமிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ரீச்சர் கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்றைக் கீறி, அதில் நான்கு இடங்களில் புள்ளி வைத்தார். மேலே ‘நுளம்பின் வாழ்க்கை வட்டம்’ என்று எழுதினார். முதல் புள்ளிக்குப் பக்கத்தில் ‘முட்டை’ என்று எழுதி முடிக்க மணி அடித்துவிட்டது.

“மிச்சம் திங்கட்கிழமை” என்று சொல்லிவிட்டு ரீச்சர் கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டினார்.

அன்று 1983 ஜூலை இருபத்திரண்டாம் திகதி. அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் நடக்கவில்லை. தமிழர் வீடுகளைக் கொளுத்திக்கொண்டு ஒரு கும்பல் தெருவில் வந்தது. குணா அப்பாவோடும் அம்மாவோடும் மதிலேறிக் குதித்துப் பின்வீட்டுக்குள் புகுந்தாள். பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் மூவரையும் ஓர் அறைக்குள் விட்டு வெளியே பூட்டி, இரண்டு நாள் யன்னல் வழியே சோறு கொடுத்தது. கதவு திறந்து வெளியே வந்தபோது அவர்கள் இருந்த வாடகை வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. அப்பா பஞ்சலிங்கம் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். அச்சகமும் எரிந்திருந்தது. ஈய எழுத்துகள் எல்லாம் உருகி ஒரே கட்டியாய்க் கிடந்ததாக யாரோ வந்து சொன்னபோதுதான் அப்பா முதன்முதலாக அழுதார்.

கோயில் முகாமில் பதினொரு நாள் இருந்தார்கள். பிறகு ஒரு சரக்குக் கப்பல் அவர்களைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது. கப்பலில் குணாவைத் தவிர அநேகமாக எல்லாரும் சத்தி எடுத்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். திடீரென்று, “அப்பா, செட்டை! மீனுக்குச் செட்டை!” என்று கத்தினாள். அழுதுகொண்டிருந்த இரண்டு மூன்று பேர் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். பறவை மீன்கள் கூட்டமாய் எழும்பி விழுந்தன.

அப்பாவின் அண்ணன் கதிரவேலு சுன்னாகத்துக்கு வடக்கே ஒரு கிராமத்தில் வெங்காயம் செய்பவர். அவர் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். அடுத்த மாதமே குணா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். முதல் நாளே விஞ்ஞான வாத்தியாரிடம் போய், “சேர், நுளம்பின்ரை வாழ்க்கை வட்டம் எப்ப படிப்பிப்பியள்?” என்று கேட்டாள்.

“அது போன தவணையே முடிஞ்சுது பிள்ளை. இப்ப காந்தம்.”

குணாவுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. வீடு எரிந்ததைப் பற்றி அவளால் யாரிடமும் கேள்வி கேட்க முடியவில்லை. இதைப் பற்றிக் கேட்கலாம் போலிருந்தது. ஆனால் கேட்கவும் ஆளில்லை. அன்று பின்னேரம் கிணற்றடித் தொட்டியில் முகம் கழுவக் குனிந்தவள், தண்ணீருக்குள் கறுப்பாய் நெளிந்து திரிந்த சின்னப் புழுக்களைக் கண்டாள். ஒரு ஜாம் போத்தலில் அவற்றை அள்ளி, வாயில் துணி கட்டி, யன்னல் கட்டில் வைத்தாள்.

ஒரு வாரம் அந்தப் போத்தலோடுதான் அவளுக்குச் சீவியம். புழுக்கள் பெருத்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சுருண்டு, காற்புள்ளி போல உருவம் மாறி, தின்பதை நிறுத்தின. ஏழாம் நாள் காலை ஒரு காற்புள்ளியின் முதுகு வெடித்து, அதற்குள்ளிருந்து ஈரமான ஒரு நுளம்பு மெல்ல எழும்பி, தான் கழற்றிய தோலின்மேலேயே ஏறி நின்றது. குணா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அது கால்களை நீட்டி, செட்டையைக் காய விட்டு, ஒரு தோணிக்காரனைப் போல ஆடாமல் நின்றது.

அவள் பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வருவதற்குள் மற்றவையும் வெளிவந்துவிட்டன. துணி சரியாய்க் கட்டப்படவில்லை. மறுநாள் காலை வீட்டில் இருந்த அத்தனை பேரும் கடிபட்டுச் சொறிந்துகொண்டு எழும்பினார்கள்.

“ஊரிலை ஆக்கள் ஆடு வளர்க்கினம், கோழி வளர்க்கினம்” என்றார் பெரியப்பா, இரண்டு கைகளையும் மாறி மாறிச் சொறிந்தபடி. “என்ரை தம்பியின்ரை மேள் நுளம்பு வளர்க்கிறாள்!”

அம்மா நாகேஸ்வரிக்குப் புழு பூச்சி என்றாலே உடம்பு கூசும். ஆனால் கப்பலேறிய நாள் தொடக்கம் அவர் சிரித்தது அன்றுதான். குணாவுக்கு அது போதுமாயிருந்தது. அப்பியாசக் கொப்பியில் தானே வட்டம் கீறி, மிச்சம் மூன்று புள்ளிகளுக்கும் பெயர் எழுதினாள்.

அதற்குப் பிறகு அவளுடைய படிப்பு நடந்த விதத்தைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சுன்னாகத்தில் பத்தாம் வகுப்பில் தாவரக் கலத்தில் தொடங்கினார்கள். செல்லடியால் பள்ளிக்கூடம் மூடி, கொக்குவிலில் அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் ஐந்து மாதம் இருந்தபோது அங்கே சேர்ந்தாள். அங்கும் தாவரக் கலம். திரும்பிச் சுன்னாகத்துக்கு வந்தபோது புதிதாய் வந்த வாத்தியார், “எல்லாரும் விட்டுவிட்டுப் படிச்சிருக்கிறியள், அடியிலையிருந்து தொடங்குவம்” என்று மறுபடியும் தாவரக் கலத்தையே கீறினார். கண்ணை மூடிக்கொண்டு தாவரக் கலம் கீறத் தெரிந்த ஒரே பெட்டை என்று வகுப்பில் அவளுக்குப் பெயர். புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களை யாரும் படிப்பிக்கவில்லை. அவற்றை அவள் தானே படித்தாள். விளங்காததை விளங்கும்வரை பிடித்து வைத்துப் பார்த்தாள். உயர்தரப் பரீட்சையில் விலங்கியலில் அதிவிசேட சித்தி வந்தது.

பெறுபேறு கையில் வந்து சில மாதங்களில், 1990 ஜூனில், சண்டை மறுபடியும் தொடங்கி அந்தக் கிராமத்தையும் விட்டு எழும்ப வேண்டி வந்தது. பெரியப்பா விதை வெங்காயத்தில் இரண்டு மூட்டையும், அப்பா உடுப்புப் பெட்டியும் சைக்கிளில் கட்டினார்கள். தென்மராட்சியில், சாவகச்சேரிக்குத் தெற்கே கடல்நீரேரிக் கரையோரம், லூர்த்தம்மா என்ற பெண்ணின் தென்னங்காணிக்குள் கொட்டில் போட இடம் கிடைத்தது. லூர்த்தம்மா கணவன் வெளிநாட்டில் இருக்க, ஆடுகளோடும் மாட்டோடும் தனியே காணியை ஆண்டுகொண்டிருந்தவர். வாய் ஓயாது. முதல் நாளே, “இருக்கிறமட்டும் இருங்கோ. தண்ணி மட்டும் றோட்டுக்கரைக் கிணத்திலை அள்ளுங்கோ, வளவுக்குள்ளை இருக்கிறது உவர்” என்றார்.

குணா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள். அது இருந்த யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போக ஒரு வழிக்குப் பன்னிரண்டு மைல் சைக்கிள். மின்சாரம் இல்லாத காலம். நுணுக்குக்காட்டியை யன்னலோரம் வைத்து, அடியிலுள்ள கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். மேகம் வந்தால் செய்முறை நின்றுவிடும். மாணவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். குணாவுக்கு அந்தக் காத்திருப்பும் பிடித்திருந்தது.

1994 தை மாதம், அவள் கடைசி வருடத்தில் இருந்தபோது, அம்மாவுக்கு மலேரியா வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். இரண்டு சேலையும் ஒரு சாக்கும் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க, “நுவரெலியாக் குளிரைப் பாக்கப் போகோணும் எண்டு அந்த நாளையிலை உன்ரை அப்பாவைக் கேட்டனான். இப்ப செலவில்லாமல் வந்து சேந்திட்டன்” என்றார். ஆஸ்பத்திரிக் குளிசையோடு சுகம் வந்தது. மூன்று கிழமையில் மறுபடியும் காய்ச்சல். லூர்த்தம்மாவின் பக்கத்து வீடுகளிலும் நான்கைந்து பேர் படுத்திருந்தார்கள்.

குணாவை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. மலேரியா நுளம்பு கிணறுகளில் முட்டையிடும் என்று சுகாதாரப் பகுதி ஆட்கள் ஊரிலுள்ள நல்ல தண்ணீர்க் கிணறுகள் எல்லாவற்றிலும் நுளம்புப் புழுவான குடம்பியைத் தின்னும் சின்ன மீன்களை விட்டிருந்தார்கள். குணா சிரட்டை அகப்பைக்கு நீளக் காம்பு கட்டி, நாற்பத்தொரு கிணறுகளில் அள்ளிப் பார்த்தாள். மீன் இருந்தது. குடம்பி ஒன்றுகூட இல்லை. ஆனால் லூர்த்தம்மாவின் மாட்டுக் கொட்டில் சுவரில் விடியற்காலையில் பார்த்தால், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும் அந்த மலேரியா இனம் வரிசையாய் இருந்தது.

“எங்கையிருந்து வருகுது உது?” என்று அவள் தனக்குத்தானே சொன்னது லூர்த்தம்மாவுக்குக் கேட்டது.

“உவர்க் கிணத்தைப் பாத்தனியே?”

“அந்த இனம் உப்புத் தண்ணியிலை முட்டை இடாதக்கா. புத்தகத்திலை இருக்கு.”

“புத்தகத்திலை இருக்கோ இல்லையோ, சட்டி கழுவ அந்தக் கிணத்தடிக்குப் போனா என்ரை காலைப் பிச்சுத் தின்னுது.”

குணா அகப்பையை எடுத்துக்கொண்டு வளவின் மூலைக்குப் போனாள். பாதி இடிந்த கட்டு, உள்ளே பாசி படிந்த தண்ணீர். மெதுவாய் ஓர் அகப்பை அள்ளினாள். எட்டுக் குடம்பிகள். மற்ற நுளம்பின் குடம்பி தலைகீழாய்த் தொங்கும். இவை தண்ணீரின் மேல் கிடைமட்டமாய், மிதக்கும் ஈர்க்குத் துண்டுகளைப் போலக் கிடந்தன. அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு. மறுபடியும் அள்ளினாள். பதினொன்று. தென்னைகளுக்கு நடுவில் தனியே நின்று பலமாய்ச் சிரித்தாள்.

“பிள்ளைக்கும் காய்ச்சல் பிடிச்சிட்டுதோ?” என்று லூர்த்தம்மா அம்மாவிடம் ஓடினார்.

அடுத்த நாளே விரிவுரையாளர் அடைக்கலநாதனின் மேசையில் ஒரு போத்தலை வைத்து, லூர்த்தம்மா சொன்னதையும் சொன்னாள். அவர் மெலிந்த மனிதர், எதையும் உடனே நம்பாதவர். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இனம் சரி. ஆனால் இப்பதான் மாரி முடிஞ்சிருக்கு. உப்புத் தண்ணிக்கு மேலை மழைத் தண்ணி ஒரு படையாய் நிண்டிருக்கும். அதிலை இட்டிருக்கும். உப்பு எவ்வளவு எண்டு அளந்தனீரோ?”

“அளக்க உபகரணம் இல்லை, சேர். ஆய்வுகூடத்திலை அதுக்குரிய இரசாயனமும் முடிஞ்சுது.”

“அப்ப எனக்கு என்னத்தைக் கொண்டு வந்தனீர்?”

“சந்தேகத்தைக் கொண்டு வந்தனான், சேர்.”

அடைக்கலநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அது பரவாயில்லை. ஆனால் நான் சொன்ன மாதிரி மழைத் தண்ணியிலை இடேல்லை எண்டு நீர் காட்டினால்தான் இது ஆராய்ச்சி. இல்லாட்டி லூர்த்தம்மாவின்ரை கதை.”

சைக்கிளில் பன்னிரண்டு மைல் திரும்பி வரும்போது குணாவுக்கு முதலில் கோபம் வந்தது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது அவர் சொன்னது சரி என்று பட்டது. கைதடி வரும்போது என்ன செய்வதென்று தெரிந்துவிட்டது.

ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமான சட்டியில் ஊற்றி, விறகடுப்பில் வற்றக் காய்ச்சினாள். அடியில் வெள்ளையாய் உப்பு ஒட்டியிருந்தது. அதை ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் சுரண்டிக் கடுதாசியில் மடித்தாள். இனி அதை நிறுக்க வேண்டும். சந்தைத் தராசுக்கு இவ்வளவு சின்ன எடை பிடிபடாது. சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் நகை செய்யும் முத்துக்குமாருவின் கடைக்குப் போனாள். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த சின்னத் தராசுக்கு முன்னால், வேலை இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, இதை ஒருக்கா நிறுத்துத் தருவியளே?”

முத்துக்குமாரு கடுதாசியைப் பிரித்தார். முகம் மாறியது. “என்ன பிள்ளை இது?”

“உப்பு.”

“உப்போ! நான் முப்பது வரிசமாய் இந்தத் தராசிலை பொன் நிறுக்கிறன்.”

“அதுதான் ஐயா உங்களிட்டை வந்தனான். இதை விடச் சரியான தராசு தென்மராட்சியிலை இல்லை எண்டு சொல்லுகினம்.”

முத்துக்குமாரு நிமிர்ந்து உட்கார்ந்தார். தட்டுகளை மென்துணியால் துடைத்தார். காற்று வராமல் கதவைச் சாத்தினார். உப்பைத் தட்டில் இட்டு, மறுதட்டில் படிகளை ஒவ்வொன்றாய் வைத்து எடுத்தார். “முக்கால் பவுன்” என்றார் கடைசியில். “அதுக்கு மேலை ஒரு குண்டுமணி.”

பவுன் என்றால் எட்டுக் கிராம். ஒரு லீற்றரில் ஆறு கிராமுக்கு மேலே உப்பு. யாரும் வாயில் வைக்க முடியாத தண்ணீர் அது. மேற்பரப்பில் மட்டும் கவனமாய் அள்ளிய இன்னொரு லீற்றரையும் குணா காய்ச்சிக் கொண்டுவந்தாள். அதுவும் கிட்டத்தட்ட அதே எடை. முத்துக்குமாருவுக்கும் இப்போது ஆவல் பிடித்துவிட்டது. “அடுத்த கிழமையும் கொண்டு வா பிள்ளை. எவ்வளவு கூடுது, குறையுது எண்டு பாப்பம்” என்றார்.

பிறகு வளர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. மாட்டுக் கொட்டிலில் இரத்தம் குடித்து நிறைந்திருந்த பெண் நுளம்புகளைக் கண்ணாடிக் குழாயால் பிடித்து, பழைய நுளம்புவலையில் தைத்த பெட்டிக்குள் விட்டாள். உள்ளே ஒரு பேசினில் உவர்த் தண்ணீர். இரண்டாம் நாள் தண்ணீரின்மேல் தூள் மிளகைத் தூவினாற்போல முட்டைகள். குடம்பிகள் வெளிவந்தபின் பேசினை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்தாள். தவிட்டை இடித்து, துணியில் அரித்துத் தூவி வளர்த்தாள். ஒன்பதாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து பார்த்தால் பேசின் வெறுமையாய்க் கவிழ்ந்து கிடந்தது.

“ஆர் இதைத் தொட்டது?”

பெரியப்பா கதிரவேலு ஒரு கால் ஈரத்தோடும் ஒரு கால் சேற்றோடும் நின்றார். “தோட்டத்தாலை வந்தனான் மோனை. வாசலிலை தண்ணி இருந்துது. ஒரு காலைக் கழுவிப்போட்டு மற்றக் காலுக்கு ஊத்தேக்கைதான் உள்ளை ஏதோ நெளிஞ்சுது.”

குணா நிலத்தில் குந்தி இருந்துவிட்டாள். அழத்தான் வந்தது. பெரியப்பாவின் ஒற்றைச் சேற்றுக் காலைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாய் வந்ததில் விக்கல் எடுத்தது. பெரியப்பா பயந்துபோய் அன்றே நாலு தடியும் பழைய தகரமும் கொண்டு வந்து, பேசினுக்கென்று தனியாய் ஒரு கூடாரம் அடித்துக் கொடுத்தார். அப்பா ஒரு மட்டையில் அச்செழுத்தைப் போன்ற அழகான எழுத்தில் ‘கால் கழுவ வேண்டாம்’ என்று எழுதித் தொங்கவிட்டார்.

இரண்டாம் முறை நூற்றிருபது முட்டைகளில் எழுபத்திமூன்று, பன்னிரண்டாம் நாள் செட்டை முளைத்து வெளிவந்தன. முழுக்க முழுக்க உவர்த் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த நுளம்புகள்.

அவற்றைப் பழுதாகாமல் வைத்திருக்க மதுசாரம் வேண்டும். ஆஸ்பத்திரியில் புண் துடைக்கவே ஸ்பிரிட் போதாமல் இருந்தது. “கலப்பில்லாத பனஞ்சாராயம் கிடைச்சாலும் சமாளிக்கலாம்” என்று ஒருநாள் குணா சாப்பிடும்போது சொன்னாள். சொன்னதை மறந்தும் போனாள்.

அப்பா பஞ்சலிங்கம் வாழ்நாளில் கள்ளையும் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சாப்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போகும் மனிதர். அந்த மனிதர் சனிக்கிழமை பின்னேரம் வேட்டியை மடித்துக் கட்டி, கையில் ஒரு கானோடு, சாராயம் விற்கும் தவறணை வாசலில் வரிசையில் நின்றார். கானுக்குக் கடுதாசி சுற்றி மறைத்துக் கொண்டுவந்தார். அடுத்த சனிக்கிழமையும் போனார்.

மூன்றாம் கிழமை கதிரவேலு தம்பியைத் தென்னைக்குக் கீழே கூட்டிப் போய் இருத்தினார்.

“தம்பி, உனக்கு என்ன மனக் கவலை? என்னட்டைச் சொல்லு.”

“ஒரு கவலையும் இல்லை அண்ணை.”

“ஊரெல்லாம் கதைக்குது. கொழும்பிலை பட்ட துன்பத்துக்கும் குடிக்காத நீ, இப்ப ஏன்ரா தவறணைக்குப் போறாய்?”

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழும்பிப்போய்க் கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே நூற்றுக்கணக்கான சின்ன ஊசிமருந்துக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் சாராயத்துக்குள் ஒரு நுளம்பு. ஒவ்வொரு குப்பியிலும் அரிசியளவு எழுத்தில் அப்பா தன் கையால் எழுதி ஒட்டிய திகதி, கிணறு, இலக்கம்.

“இவைதான் அண்ணை குடிக்கிறது” என்றார்.

கதிரவேலு ஒரு குப்பியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். “நல்ல சாமான்தான்” என்று ஒப்புக்கொண்டார். கதை ஊருக்குள் பரவி, அதற்குப் பிறகு தவறணைக்காரரே அப்பாவை வரிசையில் நிற்க விடவில்லை. “நுளம்புக்குத்தானே? முன்னுக்கு வாருங்கோ” என்பார்.

ஆடி மாதம் வந்தது. நாலு மாதமாய் ஒரு துளி மழையில்லை. அனல் காற்றில் தென்னோலைகள் காய்ந்து சலசலத்தன. குணா அகப்பையோடு உவர்க் கிணற்றுக்குப் போனாள். தண்ணீர் வற்றிக் கீழே போயிருந்தது. அள்ளினாள். பதினான்கு குடம்பிகள். முத்துக்குமாரு அன்று உப்பை நிறுத்தபோது ஒரு பவுனுக்கு மேலே இருந்தது. மழைத் தண்ணீர்ப் படை என்று சொல்ல இனி இடமில்லை. கரையோரமெங்கும் தேடி அவள் இன்னும் பத்தொன்பது உவர்க் கிணறுகளில் அதே குடம்பிகளைக் கண்டாள்.

அடைக்கலநாதன் சைக்கிளில் நேரே வந்து பார்த்தார். தானே அள்ளினார். தானே நக்கியும் பார்த்தார். “லூர்த்தம்மா ஆர்?” என்று கேட்டார். ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தவரைக் காட்டினார்கள். அவர் அருகே போய், “அம்மா, உங்கடை கதை சரி” என்று சொல்லிவிட்டு வந்தார்.

“இது தெரியிறதுக்கோ இவர் இவ்வளவு தூரம் சைக்கிள் ஓடினவர்?” என்றார் லூர்த்தம்மா.

ஆனால் அடுத்த நாள் லூர்த்தம்மாவே நீரேரிக்குப் போய், உப்பிலும் உயிர் வாழும் சின்ன மீன்களைப் பானையில் பிடித்துக்கொண்டு வந்து உவர்க் கிணற்றில் விட்டார். குணா ஒருபோதும் அப்படி யோசித்திருக்கவில்லை. பத்தொன்பது கிணறுகளில் பத்துக்கு மீன் விட்டு, ஒன்பதை அப்படியே விட்டுப் பார்த்தாள். மீன் விட்ட கிணறுகளில் ஒரு மாதத்தில் குடம்பி அற்றுப்போனது. அதன்பின் ஒன்பதுக்கும் விட்டார்கள். அந்த மாரியில் லூர்த்தம்மாவின் ஒழுங்கையில், அந்தத் தெரு முழுவதிலும், ஒருவருக்குத்தான் காய்ச்சல் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

1995 தை மாதம் சண்டை நின்றது. வானத்தில் சத்தமில்லை. சந்தையில் பல வருடம் காணாத சாமான்கள் வந்தன. தபாலும் ஒழுங்காய் ஓடியது. குணா கையால் எழுதி, அப்பா படங்கள் கீறிக் கட்டிய அறிக்கையைப் புறப் பரீட்சகருக்கு என்று அடைக்கலநாதன் தெற்கே அனுப்பினார். வழக்கமாய் அவர்கள் புள்ளியை மட்டும் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். பங்குனி மாதம் அந்தப் பரீட்சகர் தானே வந்துவிட்டார். பூச்சியியல் படித்த கலாநிதி யோசப்பின், ஐம்பது வயதுப் பெண். கிளாலிக் கரையில் வள்ளத்திலிருந்து சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“உப்பை நகைக்கடையிலை நிறுத்தது எண்டு எழுதியிருக்கிறீர். அதை நம்பேலாமல்தான் வந்தனான்” என்றார் குணாவைப் பார்த்து.

அவரிடம் உப்பை அளக்கும் கருவி இருந்தது, பேனையளவில். உவர்க் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துக் கருவியை அதற்குள் விட்டார். குணா அப்படி ஒரு கருவியை அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். வாசித்ததை யோசப்பின் சொல்லவில்லை. ஒரு துண்டில் எழுதி மடித்துப் பைக்குள் வைத்தார். அதே தண்ணீரில் ஒரு லீற்றரை அம்மா அடுப்பில் காய்ச்சினார். பின்னேரம் எல்லாரும் உப்புப் பொட்டலத்தோடு முத்துக்குமாருவின் கடைக்குப் போனார்கள்.

முத்துக்குமாரு கதவைச் சாத்தினார். குணா பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினாள். தராசு முள் ஆடி ஆடி நின்றது.

“முக்கால் பவுனுக்கு ஒரு மஞ்சாடி குறையுது” என்றார்.

“மஞ்சாடி எண்டால்?” என்று கேட்டார் யோசப்பின்.

“கிராமிலை அஞ்சிலொரு பங்கு, மடம்” என்றாள் குணா. “அப்ப ஐந்து தசம் எட்டுக் கிராம்.”

யோசப்பின் பையிலிருந்து துண்டை எடுத்து விரித்தார். 5.8 என்று இருந்தது. அப்பா கை தட்டினார். முத்துக்குமாரு மட்டும் அமைதியாய்த் தட்டைத் துடைத்தபடி, “இதுக்கு மடம் வள்ளம் ஏறி வரவேண்டியதில்லை. என்ரை தராசு பிழைக்காது” என்றார்.

அடுத்த நாள் வாய்மொழிப் பரீட்சை. ஒன்றரை மணித்தியாலம் யோசப்பின் அவளைக் குடைந்து குடைந்து கேட்டார். தெரிந்தவற்றுக்குக் குணா பதில் சொன்னாள். தெரியாத ஆறு கேள்விகளுக்கு, “அது இன்னும் பாக்கேல்லை மடம்” என்றாள். கடைசியில் யோசப்பின் அந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

“இந்த ஆறும் எனக்கும் தெரியாது. எங்கடை மலேரியா ஆய்வுத் திட்டத்துக்கு வடக்கிலை ஆள் இல்லை. அடைக்கலநாதனோடை கதைச்சிட்டன். ஆராய்ச்சி உதவியாளராய் இருந்து நீரே பாத்துச் சொல்லும். உம்மடை பெயரை முன்னுக்குப் போட்டு இதைக் கட்டுரையாய் எழுதுவம்.”

“ஓம் மடம்” என்றாள் குணா. அது போதாது போலிருந்தது. “ஓம், ஓம்” என்றாள் மறுபடியும். அடைக்கலநாதன் யன்னல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

செய்தி கேட்டு அம்மா ஒழுங்கை முழுவதற்கும் மோதகம் அவித்தார். லூர்த்தம்மா வருவோர் போவோரிடமெல்லாம், “எங்கடை வளவிலை இருந்துதான் தொடங்கினது” என்றார். பெரியப்பா புது வெங்காயத்தில் ஒரு பிடி கொண்டுவந்து யோசப்பினுக்குக் கட்டிக் கொடுத்தார். வள்ளக்காரரிடம் அதை நனையாமல் கொண்டுபோகச் சொல்லி மூன்று தரம் சொல்லிவிட்டார்.

சித்திரை தொடங்குவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, குணா சைக்கிளில் குப்பிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, இதுவரை போகாத ஒரு கரையோரக் கிராமத்துக்குப் போனாள். அறுபது கிணறுகள் கொண்ட பட்டியல் சட்டைப் பைக்குள் இருந்தது. முதலாவது வீட்டுக்கார அம்மா படலையைத் திறந்து, அவளையும் அகப்பையையும் மேலும் கீழுமாய்ப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, எங்கடை கிணத்துக்குள்ளை என்ன இருக்கெண்டு தேடுறாய்?”

“தெரியாதம்மா” என்றாள் குணா சிரித்துக்கொண்டு. “அதுதான் வந்தனான்.”

அந்த அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். நாயைப் பிடித்துக் கட்டிவிட்டு, கிணற்றடிக்கு வழி விட்டார்.